பிணவறைக்குப் பேர் கேட்டவர்

“சிஸ்டர், கழுவுற தண்ணி வெளிய போறதுக்கு வழி எங்கன வச்சிருக்காக?”

மாரியப்பன் இதைக் கேட்டபோது நான் பன்னீர்ச் செம்பும் கையுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் புதுக் கட்டிடத் திறப்பு விழா. முன்னாள் கவர்னர் வந்துகொண்டிருக்கிறார், கார் சாத்தூரைத் தாண்டிவிட்டது என்று தகவல் வந்திருந்தது. நர்சுகள் நாங்கள் கஞ்சி போட்ட வெள்ளைச் சேலையில், வெயிலில், வரிசையாக நிற்கிறோம்.

மாரியப்பன் கையில் பெரிய ரோஜா மாலை. பட்டாசுத் தொழிலாளர் குடும்பங்கள் சார்பாகக் கவர்னருக்கு மாலை போடப் போகிறவர் அவர்தான். மாலையை நெஞ்சோடு பிடித்தபடியே உள்ளே போய்ச் சுவரோரமாக ஒரு சுற்று வந்தார். தரை முழுக்க டைல்ஸ். தலைக்கு மேல் வெள்ளை அட்டைக் கூரை. நாலு மூலையிலும் ஏசி. நடுவில் சிவப்பு மெத்தை நாற்காலிகள்.

“மூல மூலையாப் பாத்துட்டேன் சிஸ்டர். ஒரு ஓட்ட இல்ல. மேடையும் காணும். எங்கன கெடத்துவாக?”

அவரைப் பந்தல் காலுக்குப் பின்னால் கூப்பிட்டேன். முந்தின நாள் லாரியில் நாற்காலிகள் வந்து இறங்கியபோதுதான் எனக்கே விஷயம் தெரியும். அவருக்கு யாரும் சொல்லவில்லை. அழைப்பிதழிலும் கவர்னர் பேரும் ‘புதிய கட்டிடம்’ என்பதும்தான் இருந்தன.

“மாரியப்பண்ணே, இது மார்ச்சுவரி இல்ல. மீட்டிங் ஹால்.”

அவர் என்னைப் பார்த்தார். கட்டிடத்தைப் பார்த்தார். “அப்ப மார்ச்சுவரி?”

“பழைய கொட்டகைதான்.”

அதற்குள் வாசலில் பத்தாயிரம் வாலா வெடிக்க ஆரம்பித்துவிட்டது.

போன வாரம் பிரசவ வார்டுக் கூத்துகளை எழுதியதைப் படித்துவிட்டு, இப்படியே சிரிக்கச் சிரிக்க எழுதுங்கள் என்று சிலர் கடிதம் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் சிரிக்கிற வார்டு அது ஒன்றுதான் சாமிகளா. மற்றதையும் யாராவது எழுதத்தானே வேண்டும். மனசு தாங்காதவர்கள் இந்த வாரம் சமையல் பக்கத்துக்குப் போய்விடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

தகரக் கொட்டகை

சிவகாசிக்கும் ஏழாயிரம்பண்ணைக்கும் நடுவில், கரிசல் காட்டில் நின்ற சின்ன அரசு ஆஸ்பத்திரி அது. ஊர்ப் பேர் வேண்டாம். சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள். காலையில் வேன் வேனாகப் பெண்கள் போவார்கள், சாயங்காலம் கையெல்லாம் வெள்ளி மருந்து மினுங்கத் திரும்பி வருவார்கள். எங்கேயாவது ‘டம்’ என்று கேட்டால் நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவேன். புகை எந்தப் பக்கம் என்று பார்த்தால் எந்தக் கம்பெனி என்று தெரிந்துவிடும்.

உயிரோடு வருகிறவர்களை மதுரைக்கு அனுப்புவோம். மற்றவர்களுக்குத் தகரக் கொட்டகை. உள்ளே ஒரு சிமெண்டு மேடை, ஒரு குழாய். இரண்டு உடலுக்கு மேல் வந்தால் வெளியே வேப்பமரத்தடியில் பாய் விரித்து வரிசையாகக் கிடத்த வேண்டியதுதான். மழையிலும் அப்படித்தான், அக்கினி நட்சத்திரத்திலும் அப்படித்தான்.

போலீஸ் வந்து எழுத வேண்டும், அதிகாரி வந்து பார்க்க வேண்டும், அப்புறம்தான் அறுவை. அந்தக் காலத்தில் பொழுது சாய்ந்துவிட்டால் போஸ்ட்மார்ட்டம் செய்யக் கூடாது. அறுப்பதற்கு ஒரே டாக்டர். மத்தியானம் செத்தவளுக்கு மறுநாள் மத்தியானமும் முறை வராமல் போகும். அதற்கு முன்னால் உடலை வீட்டுக்குக் கொண்டுபோகவும் விட மாட்டார்கள். சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள். நான் மண்ணெண்ணெயும் பினாயிலும் தெளித்துக்கொண்டே இருப்பேன். ஈக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

மாரியப்பன் மனைவி பேச்சியம்மாளும் அந்த மரத்தடியில்தான் கிடந்தாள். முன்னால் இவர்கள் குடும்பமே கூலிக்குக் களையெடுத்துப் பிழைத்தது. மழை பொய்த்துப் பொய்த்துக் காடு தரிசானதும் அவள் கம்பெனிக்குப் போனாள். இவர் லாரியில் லோடு ஏற்றி இறக்கப் போனார். அன்றைக்கு இவர் ஒரிசா லோடோடு ஆந்திராவைத் தாண்டிவிட்டார். செல்போன் எல்லோர் கையிலும் இல்லாத காலம். தகவல் போய், வண்டி மாறி வண்டி ஏறி வந்து சேர்வதற்குள் இங்கே எல்லாம் கெட்டுவிட்டது.

இதை மறைக்காமல் சொல்கிறேன். பேச்சியம்மாளுக்குத் தீ பட்டது இடுப்புக்குக் கீழேதான். முகத்தில் ஒரு கீறல் இல்லை. கொண்டுவந்து கிடத்திய அன்று நான்தான் அவள் நெற்றிக் கரியைத் துடைத்தேன். குங்குமம்கூட அழியாமல் இருந்தது. மாரியப்பன் வந்தபோது அந்த முகம் வீங்கிக் கறுத்து, யாரென்றே சொல்ல முடியாமல் போயிருந்தது.

“இது எம்பொண்டாட்டி இல்ல” என்றார். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னார். கால் மெட்டியைக் காட்டினோம். “மெட்டி எல்லாரும்தான் போட்டிருக்காக. மொகம் எங்க சிஸ்டர்?” என்றார்.

போலீசார் அதட்டித்தான் உடலை அவரிடம் ஒப்படைத்தார்கள். எரித்துவிட்டு வந்த பிறகும் அவருக்கு நிச்சயமில்லை. பேச்சி வேறு எங்காவது இருப்பாளோ என்று கொஞ்ச காலம் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருப்பாராம்.

மரத்தடிக்கு வந்த பெரியவர்

அந்த விபத்துக்குப் பிறகு மாலையோடும் கேமராவோடும் வந்து போனவர்கள் நிறைய. கடைசியாக வந்தவர்தான் அந்த முன்னாள் கவர்னர். வடக்கே ஏதோ ஒரு மாநிலத்தில் கவர்னராக இருந்துவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டிருந்தவர். பூர்வீகம் எங்கள் ஜில்லாதான். பேரைச் சொல்லப் போவதில்லை. நடந்ததில் அவருக்கோ அவர் குடும்பத்துக்கோ ஒரு பங்கும் கிடையாது.

வேட்டி மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தடியில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். கூட வந்தவர்கள் நாற்காலிக்கு ஓடினார்கள். “இருக்கட்டும்யா” என்றார். உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று இறந்தவர்களின் சொந்தக்காரர் ஒவ்வொருவரிடமும் கேட்டார். பையனுக்கு வேலை என்றார்கள், வீடு என்றார்கள். மாரியப்பன் மட்டும், “குளுந்த ரூம்பு ஒண்ணு வேணும்யா” என்றார்.

“எதுக்கு?”

“தூரத்துல இருக்கிறவுக வந்து சேருற வரைக்கும் மொகம் கெடாம இருக்கும்ல.”

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். போகும்போது, “செய்வோம்” என்று ஒரே வார்த்தை சொன்னார்.

இப்படிச் சொல்லிவிட்டுப் போனவர்கள் ஆயிரம் பேரைப் பார்த்தவள் நான். இவர் செய்தார். பதவி போனாலும் சொல்லுக்கு மதிப்பிருந்திருக்கிறது. யார் யாரிடமோ பேசி, எங்கெங்கோ கையெழுத்து வாங்கி, குளிர்பெட்டிகளோடு பிணவறை கட்ட உத்தரவே வந்துவிட்டது. கொட்டகைக்கு எதிரே அஸ்திவாரம் தோண்டினார்கள். லோடு முடிந்து ஊருக்கு வரும்போதெல்லாம் மாரியப்பன் செங்கல் எந்த உயரம் வந்திருக்கிறது என்று பார்க்க வந்துவிடுவார்.

உபயம்

கோயிலில் டியூப் லைட் வாங்கிக் கொடுத்தாலும் அதில் ‘உபயம்’ என்று போட்டுப் பேரெழுதுவது நம் வழக்கம். கேலி செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன். ஆனால் விருதுநகர்ப் பஜாரில் வளர்ந்தவளுக்கு அதன் அருமையும் தெரியும்.

அத்தா, அதாவது என் அப்பா, வத்தல், மல்லி கமிஷன் கடை வைத்திருந்தார். ஒரு வருஷம் வியாபாரம் நன்றாக நடந்ததும் பள்ளிவாசலுக்குச் சந்தூக்கு செய்து கொடுத்தார். எங்களில் இறந்தவரைத் தூக்கிக்கொண்டு போகிற பெட்டி அது. தேக்கில் செய்து, பக்கவாட்டில் பச்சைப் பெயிண்டில் தன் பேரை எழுதச் சொன்னார். “சாவுப் பெட்டியில போய் உங்க பேரா?” என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “இதுல பேரிருந்தா எல்லா வீட்டு துஆவும் வேண்டுதலும் எனக்கு வந்து சேரும்டி” என்று அத்தா சிரித்தார். பிறகு அவரையும் அதில்தான் கொண்டுபோனோம். தோள் கொடுத்தவர்கள் எல்லோரும் அந்தப் பேரைத் தடவிப் பார்த்தார்கள். மாரியப்பன் ஊர்ச் சுடுகாட்டுக் கொட்டகையிலும் கட்டிக் கொடுத்தவர் பேர் இருக்கிறது. யாரும் அதை அபசகுனமாக நினைத்ததில்லை.

அதனால், புதுப் பிணவறைக்குக் கவர்னர் பேரை வைக்க வேண்டும் என்று காளியம்மன் கோயில் வாசலில் கூடி மாரியப்பன் ஊர்க்காரர்கள் முடிவு செய்தபோது எனக்கும் சரியாகத்தான் பட்டது. உலகத்தில் வேறெங்கும் ஒருத்தருக்கும் இப்படித் தோன்றியிருக்காது. வருஷா வருஷம் சொந்தக்காரர்களை மரத்தடியில் கிடத்துகிற ஜனங்களுக்குத் தோன்றியது. தங்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய உபகாரத்துக்கு, உபகாரம் செய்தவர் பேர்.

ஒரு திங்கட்கிழமை சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனார்கள். லீவில் வீட்டுக்குப் போகிற வழி என்பதால் நானும் கூட இருந்தேன். அங்கிருந்த அதிகாரி ஒருவர் மனுவைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

“யாருய்யா இதை எழுதச் சொன்னது?”

“எல்லாரும் சேந்துதாங்கய்யா” என்றார் மாரியப்பன்.

“உயிரோட இருக்கிற மனுஷர் பேரைப் பிணவறைக்கு வைக்கச் சொல்றீங்களே, அறிவிருக்கா? நாளைக்குப் பேப்பர்ல போட்டா நாறிப்போயிரும்.”

“அவுக குடுத்ததுதானங்கய்யா. குடுத்தவுக பேரு இருந்தாத்தான மரியாத?”

பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்து மனுவை எட்டிப் பார்த்தார். “சார், பேர் வைக்கிறது நல்ல ஐடியா சார். இந்த ஏரியாக்காரர். விழான்னு கூப்பிட்டா பெரிய ஆளுங்க எல்லாம் வருவாங்க” என்றார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சரிய்யா, பேர் வச்சிரலாம். நீங்க கெளம்புங்க. மத்தத நாங்க பாத்துக்கறோம்.”

மாரியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ் ஏறும்போது எனக்கு ஒரு பொட்டலம் காராச்சேவு வாங்கிக் கொடுத்தார். பேச்சியம்மாள் போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மற்றதை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். கவர்னர் பேரைக் கைவிட அவர்களுக்கு மனசில்லை. பிணவறையில் அந்தப் பேரை எழுதவும் துணிச்சலில்லை. ஆகவே பேரை வைத்துக்கொண்டு பிணவறையை எடுத்துவிட்டார்கள். தண்ணீர் போகத் தரையில் விட்டிருந்த வழியை அடைத்து டைல்ஸ் ஒட்டினார்கள். வர வேண்டிய குளிர்பெட்டிகள் வேறு எங்கேயோ போயின.

பெரிய டாக்டரிடம் நான் சண்டைக்குப் போனேன். “எனக்கு மட்டும் சந்தோஷமா சிஸ்டர்? மேல இருந்து வந்த ஆர்டர். பின்னால வேற எடத்துல மார்ச்சுவரி கட்டித் தருவாங்களாம்” என்றார். அந்தப் ‘பின்னால’ நான் ரிட்டயர் ஆகும் வரை வரவில்லை.

மாலை

திறப்பு விழாவுக்கு வருகிறேன். கவர்னர் வந்து இறங்கினார். மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவரை இப்போது இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. காதும் சரியாகக் கேட்கவில்லை. நாடாவை வெட்டினார். தன் பேர் எழுதிய கல்லைப் பார்த்து வெட்கப்பட்ட மாதிரி சிரித்தார். உள்ளே காலெடுத்து வைத்ததும் ஏசிக் காற்று முகத்தில் அடித்தது.

“குளிர்ச்சியா இருக்கே! பெட்டியெல்லாம் வந்தாச்சா?” என்று சத்தமாகக் கேட்டார்.

அவருக்கு ஞாபகம் இருந்தது. பக்கத்தில் நின்ற அதிகாரி அவர் காதில், “எல்லாம் வந்தாச்சு ஐயா!” என்று கத்தினார். எனக்குப் பன்னீர்ச் செம்பை அந்த ஆள் தலையில் கவிழ்க்க வேண்டும் போல் இருந்தது.

மாரியப்பன் மாலையோடு முன்னால் போனார். இப்போது சொல்லிவிடுவார், போட்டு உடைத்துவிடுவார் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கவர்னர் அவரை அடையாளம் கண்டுகொண்டார். இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “நீ கேட்டது கெடைச்சிருச்சா?” என்றார். மாரியப்பன் மாலையைப் போட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டார்.

“ஏன்ணே சொல்லல?” என்று பாய்ந்தேன்.

“அந்த மனுசன் மொகத்தப் பாத்தீகளா சிஸ்டர்? அம்புட்டு சந்தோசமா இருக்காக. சாகப்போற வயசுல அவுக கிட்டப் போயி எப்பிடிச் சொல்ல?”

சில மாதத்தில் பெரியவர் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு மாரியப்பன் சூலக்கரைக்குத் தனியாகப் போனார். அந்தப் பேரை எடுத்துவிட்டுக் கட்டிடத்தைப் பிணவறையாகவே மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். வைத்த பேரை எடுப்பது இறந்தவருக்கு அவமரியாதை, நீங்களே கேட்டு வாங்கிய பேர்தானே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுபடியும் புகை

அடுத்த தீபாவளி சீசனில் ஒரு மத்தியானம் மறுபடி அந்தச் சத்தம். தெற்கே புகை. கொட்டகை நிரம்பி மரத்தடியும் நிரம்பியது.

அதில் ஒருத்தி அன்னத்தாய். மாரியப்பன் வீட்டுக்கு அடுத்த வீடு. விதவை. அவளுக்கு இருப்பது ஒரே மகன், செல்வம். பம்பாயில் முறுக்குக் கம்பெனியில் வேலை. போன் போட்டாயிற்று, ரயில் ஏறிவிட்டான், வந்து சேர எப்படியும் ஒன்றரை நாளாகும். அன்னத்தாய் புகையில் மூச்சு முட்டிச் செத்தவள். பாயில் தூங்குகிறவள் மாதிரிதான் கிடந்தாள்.

மாரியப்பன் அவள் முகத்தைக் குனிந்து பார்த்தார். நேரே ஹாலுக்குப் போனார். கதவு பூட்டியிருந்தது. மறுநாள் அங்கே ஏதோ கூட்டம், பேனர் கட்டியிருந்தார்கள். திரும்பி வந்து பெரிய டாக்டர் முன்னால் நின்றார்.

“அய்யா, இந்த ஒரு ஆள மட்டும் அந்த ஏசி ரூம்புல போட்டு வையிங்க. மகன் வந்து மொகத்தப் பாத்துக்கிறட்டும்.”

டாக்டர் கெட்டவர் இல்லை. ஆனாலும் பதறிவிட்டார். “அண்ணாச்சி, கவர்னர் பேர் போட்ட ஹால்ல பிணத்தைக் கொண்டுபோய்ப் போடச் சொல்றீங்களா?”

“அவுக பேரப் போடச் சொன்னதே அதுக்குத்தானய்யா.”

சாவி டாக்டர் மேஜையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அவர் வேலை போயிருக்கும். அது எனக்கும் தெரியும்.

மாரியப்பன் சாத்தூரிலிருந்து மரத்தூள் போட்ட ஐஸ் பாளங்களை ஆட்டோவில் கொண்டுவந்தார். அன்னத்தாயைச் சுற்றி அடுக்கிச் சாக்கைப் போட்டு மூடினார். உருகிய தண்ணீரைத் தானே வாரி அப்பால் கொட்டினார். மறுநாள் வெயிலுக்கு எந்த ஐஸ் நிற்கும்? பத்து மணிக்கே எல்லாம் தண்ணீராகிவிட்டது. எதிரே ஹாலில் கூட்டம் தொடங்கிவிட்டது. உள்ளே குளிர் போதவில்லை என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

செல்வம் அதற்கு மறுநாள் விடியற்காலையில் வந்தான். தோளில் பையோடு ஓடி வந்தவனை மாரியப்பன் குறுக்கே நின்று பிடித்துக்கொண்டார்.

“ஏலே, பாக்காத. நான் பாத்துட்டேன். உங்கம்மாதான். நீ பாக்காத.”

“எங்கம்மா மொகத்தப் பாக்கணும் மாமா! விடுங்க மாமா!”

அவன் திமிறிக்கொண்டு போய்ச் சாக்கை விலக்கிவிட்டான். அதற்குப் பிறகு அவன் போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியாது.

எல்லோரும் போன பிறகு நான் கொட்டகையைக் கழுவிக்கொண்டிருந்தேன். மாரியப்பன் வாசல் தகரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சிஸ்டர், நெசத்தச் சொல்லுங்க. நாங்க பேரு வைக்கக் கேக்காம, பேசாம இருந்திருந்தா, இன்னைக்கு அந்தப் பய அவன் ஆத்தா மொகத்தப் பாத்திருப்பானா?”

சாகக் கிடக்கிறவர்களிடம் நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று கூசாமல் சொல்கிறவள்தான் நான். நர்ஸ் வேலையில் பாதி அதுதான். அன்றைக்கு ஒரு பொய்கூட வாயில் வரவில்லை.

“பாத்திருப்பான்ணே” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். என் கையிலிருந்த துடைப்பத்தை வாங்கி, மிச்சத்தை அவரே கழுவி முடித்தார்.